டாசிட்டசின் வரலாற்றில் உரோம அரசகுல மகளிர்

உரோமப் பேரரசின் முதல் நூற்றாண்டில் அரசகுலத்திற் பிறந்தும் அதிற் புகுந்தும் வாழ்ந்த மகளிரைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி, டாசிட்டஸ், சூட்டோனியஸ், காசியஸ் தியோ என்னும் மூவர் நூல்வழி வந்ததாகும். மூவரும் ஆடவர், தாம் எழுதிய மகளிர் மறைந்த பின்னர் எழுதியவர். இவர்களுள் எழுத்தாற்றலால் தலைநின்றவர் டாசிட்டஸ். அவர் கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'அன்னல்ஸ்' என்னும் ஆண்டுமுறை வரலாறு, அகஸ்டஸ் இறந்த கி. பி. 14 ஆம் ஆண்டில் தொடங்கி நீரோவின் ஆட்சிக்காலத்தை எட்டுவது. கலிகுலாவின் ஆட்சியைப் பற்றிய பகுதி முழுதும், கிளாடியஸ் ஆட்சியின் முற்பகுதியும் அழிந்துபோயின. எஞ்சிய பகுதிகளில் லிவியா, மூத்த அக்ரிப்பினா, மெசலினா, இளைய அக்ரிப்பினா, ஆக்டேவியா ஆகியோரின் உருவங்கள் எளிதில் மறக்கவொண்ணாத வகையிற் படைக்கப்பட்டுள்ளன.

அவ்வுருவங்களின் ஆற்றலே ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடரும் ஆகின்றது. டாசிட்டஸ் வரைந்த குணச்சித்திரத்தையே அம்மகளிரின் வாழ்க்கை வரலாறாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அண்மைக் காலத்தில் அதற்கு மாறாக, அவர் கூறியன அனைத்தும் பெண்டிரை வெறுத்தான் ஒருவனின் அவதூறு எனத் தள்ளும் போக்கும் தலைதூக்கியுள்ளது. இவ்விரு போக்கும் நூலை நூலாகக் கல்லாமையின் விளைவே என்பதும், டாசிட்டசின் பெண்பாத்திரங்கள் எவ்வச்சில் வார்க்கப்பட்டன, அவ்வச்சு எவ்விடத்தில் உடைகின்றது என நுனித்து நோக்கினால் மட்டுமே அம்மகளிரின் வாழ்வை நாம் ஓரளவேனும் அணுக இயலும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. மனையும் ஆட்சியும்

அகஸ்டஸ் நிறுவிய ஆட்சிமுறை, பெயரளவிற் குடியரசு. உண்மையிற் குடும்ப ஆட்சி. ஆயினும் அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் என வரையறுத்த சட்டம் ஒன்றும் உரோமில் இருந்ததில்லை. அகஸ்டசுக்கு மகன் இலன். ஜூலியா என்னும் மகள் ஒருத்தியே இருந்தாள். ஆகவே, அடுத்த தலைவன் யார் என்னும் வினாவுக்கு விடை அவள் திருமணத்தில் தங்கியிருந்தது. கி. மு. 25 இல் தன் உடன்பிறந்தாள் மகன் மார்செல்லசுக்கு அவளை மணமுடித்தார் அகஸ்டஸ். அவன் இறக்கவே, கி. மு. 21 இல் தம் படைத்தலைவர் அக்ரிப்பாவுக்கு அளித்தார். அவரும் இறந்தபின், கி. மு. 11 இல் லிவியாவின் முதற்கணவர்க்குப் பிறந்த டைபீரியசுக்கு மணமுடித்தார். இம்மூன்றாம் மணத்துக்காக டைபீரியஸ் தம் மனைவி விப்சானியாவை விலக்க நேர்ந்தது. அக்ரிப்பாவின் வழி ஜூலியா பெற்ற காயஸ், லூசியஸ் என்னும் மைந்தர் இருவரையும் கி. மு. 17 இல் அகஸ்டஸ் தம் மக்களாகத் தத்தெடுத்துக்கொண்டார்.

இத்தகைய அமைப்பில் ஒரு பெண்ணின் திருமணம், மகப்பேறு, மணவிலக்கு ஆகிய அனைத்தும் அரசியல் நிகழ்ச்சிகளே ஆகும். கற்புத் தவறும் அவ்வாறே. கி. மு. 18 இல் பிறன்மனை நயத்தலைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிய அகஸ்டஸ், கி. மு. 2 இல் தம் மகளையே அக்குற்றத்தின் பேரில் பாண்டடேரியா என்னும் சிறு தீவுக்கு நாடுகடத்தினார். முன்னரே அகஸ்டசால் மணவிலக்குச் செய்யப்பெற்ற அவள் தாய் ஸ்கிரிபோனியா, தானே விரும்பி மகளுடன் சென்றாள். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜூலியா ரேஜியம் நகருக்கு மாற்றப்பட்டாள், கி. பி. 14 இல் அங்கேயே மாண்டாள். அரசகுலத்துப் பெண்ணின் உடல் அரசின் உடைமையாயிற்று என்பதற்கு இவ்வொரு வாழ்வே போதிய சான்றாம்.

டாசிட்டஸ் இவ்வமைப்பை அறியாதவர் அல்லர். இளைய அக்ரிப்பினா படைத்தலைவர் ஒருவரின் மகளாகவும், பேரரசர்க்கு உடன்பிறந்தாளாகவும் மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்தவள் என்றும், தம் காலம்வரை அதற்கு வேறு எடுத்துக்காட்டில்லை என்றும் அவரே குறிப்பிடுகின்றார். ஆயினும் அமைப்பின் விளைவை அவர் பெரும்பாலும் குணத்தின் விளைவாகவே காட்டுவர். பெண்ணின் அடங்கா வேட்கை என்பதே அவர் நூலில் அடிக்கடி ஒலிக்கும் காரணம். வாரிசுச் சட்டம் இல்லாத ஆட்சியில் மகன்பொருட்டுத் தாய் சூழ்ச்சி செய்தல் அவ்வாட்சி முறையே ஈன்ற நோய் என்பது அவர் உரைநடையின் விரைவில் மறைந்துபோகின்றது.

2. இரு தாயர், ஒரே அச்சு

'அன்னல்ஸ்' நூலில் இரண்டு அரசமாற்றங்கள் விரிவாக எஞ்சியுள்ளன. ஒன்று அகஸ்டசிடமிருந்து டைபீரியசுக்கு நிகழ்ந்தது, மற்றொன்று கி. பி. 54 இல் கிளாடியசிடமிருந்து நீரோவுக்கு நிகழ்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பார்க்கு ஒற்றுமை தெற்றென விளங்கும்.

முன்னதில், கணவர் நோயுற்றுக் கிடக்க, லிவியா மனையையும் சாலைகளையும் காவலரால் அடைக்கின்றாள்; நலம் பெற்று வருகின்றார் என்னும் நற்செய்தியை இடையிடையே பரப்புகின்றாள்; ஏற்பாடுகள் முடிந்தபின், அகஸ்டஸ் இறந்ததும் டைபீரியஸ் ஆட்சியேற்றதும் ஒரே செய்தியாய் வெளிவருகின்றன. பின்னதில், கிளாடியஸ் உயிர் நீத்தபின் அக்ரிப்பினா அவர் மகன் பிரிட்டானிக்கசைத் தழுவி உள்ளே நிறுத்திக்கொள்கின்றாள்; வாயில்களைக் காவலரால் அடைக்கின்றாள்; பேரரசர் தேறி வருகின்றார் எனச் செய்தி பரப்புகின்றாள்; பின்னர்க் கதவம் திறக்க, நீரோ வெளிப்படுகின்றான். இருவரும் மாற்றாந்தாயர், இருவர்மீதும் கணவர்க்கு நஞ்சிட்ட ஐயம் சார்த்தப்படுகின்றது. இரு புத்தாட்சிகளும் ஒரு கொலையோடு தொடங்குகின்றன. முன்னதில் ஜூலியாவின் கடைசி மகன் அக்ரிப்பா பாஸ்டூமஸ் கொல்லப்படுகின்றான். மாற்றாந்தாயின் பகைமை அதற்குக் காரணமாதல் கூடும் என்பர் ஆசிரியர். பின்னதில் ஆசிய மாநிலத்தை ஆண்ட சிலானஸ் கொல்லப்படுகின்றான். நீரோ அறியாமல் அக்ரிப்பினா செய்வித்தது என்பர்.

மாற்றாந்தாய் நஞ்சிடுவாள் என்பது உரோமச் சொற்பயிற்சிப் பள்ளிகளில் மாணாக்கர் எடுத்துப் பேசிப் பழகிய வழக்கமான பொருள். டாசிட்டஸ் அப்பயிற்சியில் தேர்ந்த நாவலர். ஆகவே இவ்வொற்றுமை முழுதும் நிகழ்ச்சியின் ஒற்றுமை எனக் கொள்ளுதல் அரிது. அவர் பின்னதை அறிந்த கண்ணால் முன்னதை எழுதினார், அல்லது இரண்டையும் ஓரச்சில் வார்த்தார் எனக் கொள்ளுதலே பொருந்தும். காயஸ் கி. பி. 4 இல் இன்றைய துருக்கியின் தென்கரையிலும், லூசியஸ் கி. பி. 2 இல் மார்சேல் நகரிலும் இறந்தனர். இவ்விறப்புக்களுக்கும் லிவியாவுக்கும் இடையே ஐயத்தை நடுவதற்கு ஆசிரியர் சான்று தேடவில்லை. ஊழோ, மாற்றாந்தாயின் வஞ்சமோ என இரண்டு காரணங்களை அடுத்தடுத்து வைத்துவிடுகின்றார். படிப்பார் நெஞ்சில் தங்குவது பிற்கூறிய காரணமே. இது டாசிட்டசின் நடைக்கே உரிய உத்தி.

இவ்வுத்தி நற்செயலையும் விட்டுவைப்பதில்லை. ஜூலியாவின் மகளான இளைய ஜூலியாவும் கி. பி. 8 இல் ஒரு தீவுக்கு நாடுகடத்தப்பட்டாள். அங்கு அவள் இருபதாண்டுகள் வாழ்ந்து இறந்தபோது, அத்தனை ஆண்டும் அவளைத் தாங்கியது லிவியாவின் பொருளுதவி என்னும் செய்தியைத் தருபவர் டாசிட்டசே. ஆயின் அதனைத் தந்த கையோடு, வாழ்ந்தபோது மறைவாக வீழ்த்தியவள் வீழ்ந்தபின் வெளிப்படையாக இரங்கினாள் என்னும் கருத்துப்பட ஒரு தொடரைச் சேர்த்துவிடுகின்றார். உதவி நிகழ்ந்தது என்பது செய்தி. வீழ்த்தினாள் என்பது ஆசிரியர் தீர்ப்பு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருத்தலால் கற்பார் பிரித்தறியத் தவறுகின்றனர்.

3. வெண்கலம் கூறும் மறுபக்கம்

டாசிட்டசின் கூற்றை அக்காலத்து ஆவணத்தோடு ஒப்பிடும் வாய்ப்பு நெடுங்காலம் அரிதாயிருந்தது. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிற் கண்டெடுக்கப்பட்டு, 1996 இல் பதிப்பிக்கப்பெற்ற வெண்கலப் பட்டயம் இந்நிலையை மாற்றியது. கி. பி. 20 டிசம்பர் 10 ஆம் நாளிட்ட உரோம ஆட்சிமன்றத் தீர்மானம் அது. கி. பி. 19 இல் ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தது பற்றிப் பீசோ என்பான்மேல் நடந்த வழக்கின் முடிவை அது கூறுகின்றது. பீசோ தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவன் மனைவி பிளாங்கினா மன்னிக்கப்பட்டாள்.

இம்மன்னிப்பை டாசிட்டஸ் எவ்வாறு கூறுகின்றார்? லிவியா மறைவாக மன்றாடினாள். டைபீரியஸ் தாயின் வேண்டுகோளைச் சாக்காகக் கூறி நாணத்தோடு பேசினார். நல்லோர் உள்ளுக்குள் குமுறினர் என்பது அவர் தரும் காட்சி. பட்டயமோ மறைவென்பதே இன்றி அதனைப் பறைசாற்றுகின்றது. லிவியா ஆட்சித்தலைவரைப் பெற்றவள் என்பதனால் மட்டுமன்றி, எல்லா நிலையினர்க்கும் செய்த உதவிகளாலும் நாட்டுக்கு நலம் புரிந்தவள். பெருஞ்செல்வாக்குக்கு உரியவளாயிருந்தும் அதனை மிக அருகியே பயன்படுத்தியவள். ஆதலின் அவள் வேண்டுகோளுக்கு இணங்குதல் தகும் என மன்றம் எழுதிவைத்தது. ஒவ்வொரு மாநிலத்தின் பெருநகரிலும், படைகள் தங்கும் பாசறைகளிலும் அதனைப் பொறித்து வைக்கவும் ஆணையிட்டது.

நிகழ்ச்சியைப் பொறுத்தவரை டாசிட்டஸ் பொய் கூறினாரல்லர் என்பதனை இப்பட்டயம் நிறுவுகின்றது. லிவியா வேண்டினாள், பிளாங்கினா தப்பினாள். மாறுவது ஒளி ஒன்றே. ஆட்சிமன்றம் பேரன்போடு ஏத்திய அதே செயலை, ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அம்மன்றத்தின் உறுப்பினர் ஒருவர் இழிவெனக் கண்டார். பிறர் காணப் பொறித்த புகழ்ச்சியில் அவர் கண்டது அடிமைமனம். அவர் சினம் உண்மையில் லிவியாவின் மேலதன்று. ஒரு மூதாட்டியின் விருப்பத்தை நீதியாக்கித் தலைவணங்கிய தம் மன்றத்தின் மேலதே என்று கொள்ளுதல் தகும். அவர் நூலில் மகளிர் தனியாட்சியின் குற்றத்தைச் சுமக்கும் பாத்திரங்களாகின்றனர். கிளாடியசை மணந்தபின் நாடே ஒரு பெண்ணுக்குப் பணிந்தது என அவர் எழுதும்போது, அவர் எண்ணத்தில் முன்னிற்பது பணிந்தவரின் நிலை.

இதனை ஏற்காதார் லிவியாவின் இறுதியைப் பற்றிய பகுதியை நோக்குக. நாட்டுக்குப் பொறுக்கலாகாத தாய், அரசகுலத்துக்குப் பொறுக்கலாகாத மாற்றாந்தாய் எனப் பிறர் வாயில் வைத்து முதற்பகுதியில் பழித்த அவளே, கி. பி. 29 இல் 86 ஆம் அகவையில் இறந்தபோது, இனிப் புகலிடம் இல்லாதுபோயிற்று என ஆசிரியர் எழுதுகின்றார். அவள் வாழ்ந்தவரை டைபீரியசின் கொடுமைக்கு ஓர் அணையிருந்தது. பின்னரே அது கரையுடைந்தது என்பது அவர் கருத்து. இவ்விரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியன என நம்புதல் கடினம். முரணை ஆசிரியர் நீக்கவில்லை. நீக்காமை நமக்கு நன்றாயிற்று. அச்சில் அடங்காத லிவியா ஒருத்தி அவ்விடத்திற் கசிந்து வெளிப்படுகின்றாள்.

4. புகழும் ஓர் அச்சே

இதனால், நூல்களை விடுத்துக் கல்லையும் காசையும் நம்பினால் உண்மை கிட்டும் எனக் கருதுதல் பிழையாகும். வசை ஓர் அச்சு என்றால் புகழும் ஓர் அச்சே.

மூத்த அக்ரிப்பினாவின் எலும்புகளைத் தாங்கிய கல் உரோமில் இன்றும் உள்ளது. அவள் கி. பி. 33 இல், தன் தாய் ஜூலியா இருந்த அதே பாண்டடேரியாத் தீவில், உணவின்றி இறந்தவள். கி. பி. 37 இல் ஆட்சியேற்ற அவள் மகன் கலிகுலா எலும்புகளைக் கொணர்ந்து உரோமில் அடக்கினான். அக்கல்லில் அவள் அக்ரிப்பாவின் மகள், தெய்வமாகிய அகஸ்டசின் பேர்த்தி, ஜெர்மானிக்கசின் மனைவி, ஆட்சித்தலைவன் காயசின் தாய் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. நான்கு ஆடவரின் வழியே ஒரு பெண் அறிமுகமாகின்றாள். தீவும் பட்டினியும் அங்கில்லை. இடைக்காலத்தில் அக்கல் குடையப்பட்டுத் தானியம் அளக்கும் அளவையாயிற்று என்பது வரலாற்றின் கொடிய விளையாட்டு.

காசுகளும் இத்தன்மையனவே. கொங்குநாட்டிலும் கேரளத்திலும் புதையலாகக் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளுள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோர் காசுகளே மிகுதி. அவற்றுள் இரண்டு வகைகள் பெருவழக்கின. ஒன்றில் காயசும் லூசியசும் கேடயமும் வேலும் உடையராய் நிற்கின்றனர். இவ்வகை கி. மு. 2 அளவில், அஃதாவது அவர்தம் தாய் நாடுகடத்தப்பட்ட காலத்தையொட்டி, வெளிவரத் தொடங்கியது. தாயைத் தீவிற் சிறைவைத்த ஆட்சி, மைந்தரின் உருவைக் கடல் கடந்து தமிழகம்வரை அனுப்பியது. மற்றொரு வகையில் ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி வீற்றிருக்கின்றாள். அவளை லிவியா என அறிஞர் பலர் கருதுவர்; ஆயின் காசில் அவள் பெயர் இல்லை. நம் முன்னோர் கையில் மிளகுக்கு ஈடாகப் புரண்ட அக்காசுகளில் இருந்த அரசகுலப் பெண், பெயரற்ற உருவமாகவே இருந்தாள்.

இளைய அக்ரிப்பினாவின் காசுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. கி. பி. 54 இறுதியில் வெளியான காசுகளில் தாயும் மகனும் எதிரெதிரே நோக்குகின்றனர். முகப்பில் அவள் பட்டங்களே பொறிக்கப்பட்டுள. மறு ஆண்டில் மகன் முகம் முன்னும் தாய் முகம் பின்னுமாக அமைய, அவள் பட்டங்கள் காசின் மறுபக்கம் செல்கின்றன. அதன்பின் உரோமக் காசுச்சாலையின் பொற்காசு வெள்ளிக்காசுகளில் அவள் இல்லை. கி. பி. 59 இல் மகன் ஆணையாற் கொல்லப்பட்டாள். அவள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காசு காட்டுகின்றது. அவள் நெஞ்சத்தைக் காட்டுவதில்லை.

5. இழந்த நூல்

அங்ஙனமாயின் அம்மகளிருள் எவரேனும் தம்மைத் தாமே எழுதினரா? எழுதினாள் ஒருத்தி, அவள் இளைய அக்ரிப்பினா.

அகஸ்டஸ் தம் மகளையும் பேர்த்தியரையும் நூல் நூற்கப் பழக்கினார் என்றும், வீட்டு நாட்குறிப்பேட்டில் வெளிப்படையாக எழுதத்தகாத எதனையும் அவர் பேசவும் செய்யவும் தடைவிதித்தார் என்றும் சூட்டோனியஸ் கூறுவர். அரசகுலத்துப் பெண்ணின் ஒவ்வொரு நாளும் பிறர் எழுதும் ஏட்டுக்கு அஞ்சியே கழியவேண்டியதாயிற்று. அவ்வகஸ்டசின் கொள்ளுப்பேர்த்தி எழுதுகோலைத் தானே எடுத்தாள் என்பது சிறிய செய்தியன்று. தன் வாழ்வையும் தன் குடும்பத்தார்க்கு நேர்ந்தவற்றையும் பின்னோர்க்கென அவள் குறிப்புக்களாக எழுதினாள். அந்நூல் அழிந்துபோயிற்று. அதனைக் கண்டவராக இருவரை அறிகின்றோம். ஒருவர் மூத்த பிளினி. நீரோ கால் முன்னாகப் பிறந்தான் எனத் தாய் எழுதியதாக அவர் குறிக்கின்றார். மற்றவர் டாசிட்டஸ்.

டாசிட்டஸ் எடுத்துக்கொண்ட செய்தி கி. பி. 26 இல் நிகழ்ந்தது. ஜெர்மானிக்கசின் கைம்பெண்ணாகிய மூத்த அக்ரிப்பினா நோயுற்றிருந்தாள், டைபீரியஸ் காணவந்தார். அவள் நெடுநேரம் வாய்பேசாது அழுதாள். பின் தன் தனிமைக்கு இரங்குமாறும், தனக்கு ஒரு கணவனை அளிக்குமாறும் வேண்டினாள். தன் அகவை அதற்கு இன்னும் தக்கதே என்றும், நன்மகளிர்க்குத் திருமணமன்றி வேறு ஆறுதல் இல்லை என்றும் கூறினாள். அவ்வேண்டுகோளின் அரசியற் பொருளை டைபீரியஸ் உணர்ந்தார். அச்சத்தையோ சினத்தையோ வெளிக்காட்ட விரும்பாது, அவள் வற்புறுத்தவும் மறுமொழி கூறாமற் சென்றார். பிற வரலாற்றாசிரியர் எழுதாத இதனை, நீரோவின் தாயாகிய மகளின் குறிப்புக்களிற் கண்டெடுத்ததாக டாசிட்டசே கூறுகின்றார்.

இக்காட்சி அந்நூலின் பிற பெண்காட்சிகளினின்றும் வேறுபடுவதனை உற்றுநோக்குக. சிலர் கூறுவர், பலர் ஐயுற்றனர் என்னும் வழக்கமான வாய்பாடு இங்கில்லை. நஞ்சில்லை, சூழ்ச்சியில்லை. மூத்த அக்ரிப்பினாவை வேறிடங்களில் அடங்காச் செருக்கினளாகவும், ரைன் ஆற்றுப் பாலத்தை இடிக்கவொட்டாது தடுத்துப் படைவீரர்க்கு உடையும் மருந்தும் அளித்த வீரமகளாகவும் காட்டிய ஆசிரியர், இங்கு மட்டுமே ஒரு நோயாளியாகக் காட்டுகின்றார். அகஸ்டசின் குருதி ஓடும் ஒரு பெண்ணுக்குத் தனிமையின் துயர் வேறு, அரசியல் வேறு எனப் பிரிவில்லை. அவள் மறுமணம் அரியணைக்கு ஓர் உரிமையாளனை உண்டாக்கும். ஆதலின் அவள் கேட்டது கிட்டாது. அமைப்பின் கொடுமை இங்குக் குணமாக மாற்றப்படாமல், உள்ளவாறே நிற்கின்றது.

மகளின் குறிப்பும் கலப்பற்ற உண்மையெனக் கொள்ளுதல் கூடாது. அந்நிகழ்ச்சியின்போது அவளுக்கு அகவை பத்தோ பதினொன்றோ இருக்கும். தாய் அநீதியுற்றாள் எனக் காட்டுவதில் அவளுக்கு நலனும் உண்டு. அந்நூலிலிருந்து எதனை எடுப்பது, எதனை விடுப்பது என முடிவுசெய்தவரும் டாசிட்டசே. எனினும் இவ்வொரு பகுதியிலேயே அரசகுலத்துப் பெண்ணின் அறைக்குள் மற்றொரு பெண்ணின் நினைவு வழியாக நாம் நுழைகின்றோம். அதனை நூலினின்று நீக்காமைக்காக டாசிட்டசுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: டாசிட்டஸ் தரும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நம்பத்தக்கன, அவர் கற்பிக்கும் உள்நோக்கங்கள் ஆராய்ந்து கொள்ளத்தக்கன, அவர் தீர்ப்புக்கள் மகளிரைக் காட்டிலும் ஆட்சிமுறையையே நோக்கியன. கல்வெட்டும் பட்டயமும் காசும் அவரை மறுப்பதற்கு மட்டும் உரியனவல்ல. அவற்றையும் அதே கண்டிப்போடு வினவுதல் வேண்டும். எழுதியவர் யார், யார் படிக்க எழுதினார், எழுதப்பட்டவர்க்கு மறுத்துரைக்கும் வாய்ப்பு இருந்ததா என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு சான்றின் முன்னும் வைத்தல் ஆய்வு மாணவர் கடமையாகும். மூன்றாம் வினாவுக்கு உரோம அரசகுல மகளிருள் ஏறக்குறைய அனைவர்க்கும் இல்லை என்பதே விடை.

'அன்னல்ஸ்' நூலின் முதல் ஆறு பகுதிகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரே ஒரு கையெழுத்துப் படியின் வழியே நமக்கு எட்டின. மூத்த அக்ரிப்பினா தன் வேண்டுகோளைக் கூறும் இடத்தில், ஜெர்மானிக்கசின் மனைவியையும் மக்களையும் ஏற்கத்தக்கார் நாட்டில் உளர் என்று அவள் சொல்லத் தொடங்கும்போது, அப்படியில் சில சொற்கள் விடுபட்டுள்ளன. பதிப்பாசிரியர் பலர் அவ்விடத்தை நிரப்ப முயன்றுள்ளனர். நிரப்பாது விட்டுப் படிப்பதே தக்கது என்பது எம் கருத்து. அவ்வெற்றிடமும் அம்மகளிர் வாழ்வைப் பற்றிய சான்றுகளுள் ஒன்றே.